மரம் ஏறிய ரயிலும் மனிதர் ஏறும் ரயிலும்

சிராங்கூன் சாலைப் பக்கம் காய்கறி வாங்கச் செல்லும் தமிழர், ‘தேக்காவுக்குப் போய்வருகிறேன்’ என்று சொல்வது வழக்கம். அந்தப் பெயருக்கும் தேக்கு மரத்துக்கும் ஏதோ உறவு இருக்கவேண்டும் என்று எண்ணுவோரும் உண்டு. உறவு ஏதும் இல்லை. ஹொக்கியன் சீன மொழியில் ‘தெக் கா’ என்றால் மூங்கிலடி என்று பொருள். ரோச்சோர் கால்வாயின் ஓரத்தில் ஒரு காலத்தில் மூங்கில் அடர்ந்து நின்றது. அதனால் அவ்விடம் மூங்கிலடி ஆயிற்று. அருகிலுள்ள பஃபலோ ரோடு எருமைச் சாலை. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். இன்று அங்கே மூங்கிலும் இல்லை, எருமையும் இல்லை. பொருள் போயிற்று, பெயர் மட்டும் நிலைத்தது.

பெயர் நிலைப்பதற்குச் செலவு கிடையாது. ஆனால் ஒரு தொழிலுக்காகப் போட்ட இரும்புப் பாதை, அத்தொழில் நின்றபின் என்ன ஆகும்? சிங்கப்பூரர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாயா ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதன் எஞ்சினில் ஏறி ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல், தீவின் நடுவே கிடந்த 24 கிலோமீட்டர் ரயில் நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

இந்தக் கேள்வியை உலகில் மிகக் கூர்மையாகச் சந்தித்தவை, காட்டிலிருந்து மரம் இறக்குவதற்காகப் போட்ட ரயில்பாதைகள். மற்ற ரயில்களுக்குச் சரக்கு ஆண்டுதோறும் விளையும். மர ரயிலோ தன் சரக்கைத் தானே தின்று தீர்க்கும். அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு விரைவில் அதன் வேலை முடிந்துபோகும். அப்படி வேலை முடிந்த பாதைகளுள் சில, இன்று காட்சி காண்போர் ஏறும் உல்லாச ரயில்களாக ஓடுகின்றன. சில பழைய இரும்பாக விலைபோயின. எது வாழ்ந்தது, எது மாண்டது, ஏன் என்பதைக் காண்போம்.

மரத்துக்கு எதற்கு ரயில்?

பெரிய மரத்தை வெட்டுவதைவிட அதை ஊருக்குக் கொண்டுவருவதே கடினம். ஆறு இருந்தால் மிதக்கவிடலாம். ஆனால் பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதப்பதில்லை. பர்மாக் காடுகளில் தேக்கின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட்டு, அதன் பிறகே வீழ்த்தி ஆற்றில் விட்டார்கள். நன்கு உலர்ந்தும் மிதக்காத கனமரங்கள் பல. யானை இழுக்கும், ஆனால் பல காத தூரம் இழுக்காது. மாட்டு வண்டி மழைக்காலத்தில் சேற்றில் புதையும்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது ஏற்படும் தடை, மண்சாலையில் வண்டிச் சக்கரத்துக்கு ஏற்படும் தடையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே காட்டுக்குள் தண்டவாளம் போட்டுவிட்டால், ஓர் எஞ்சின் பல ஜோடி மாடுகளின் வேலையைச் செய்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் காடுகளுக்குள் ரயில் புகுந்தது இதனால்தான்.

நம் வாசலிலேயே ஒரு விசித்திரமான முன்னோடி உண்டு. ஜொகூரை ஆண்ட மகாராஜா அபூபக்கர், 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து புலாய் மலையை நோக்கி ஒரு ரயில்பாதை போடத் தொடங்கினார். மலைமேல் ஓய்விடம் அமைப்பது நோக்கம். காட்டில் மரம் மலிவாகக் கிடைத்ததால் தண்டவாளத்தையே மரத்தால் அமைத்தார்கள். இரும்பை அரிக்காத கறையான் மரத்தை விட்டுவைக்குமா? பாதை அரிபட்டது, மலையை எட்டாமலே திட்டம் கைவிடப்பட்டது. வெப்ப நாட்டுக் காட்டில் எதுவும் தானாக நிலைக்காது. நாள்தோறும் கவனித்தால்தான் நிலைக்கும் என்ற பாடத்தை அது விட்டுச்சென்றது. இப்பாடம் இக்கட்டுரையின் இறுதிவரை நமக்குத் துணைவரும்.

மர ரயிலுக்குச் சில தனி இயல்புகள் உண்டு. பாதை குறுகலாக இருக்கும். குறுகிய பாதையே மலையிடுக்கில் கூர்மையாக வளையும். சரிவு கடுமையாக இருக்கும். பாறையைக் குடைந்து நேர்வழி போடுவதற்குப் பணம் ஒதுக்க முதலாளி இசையமாட்டார். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: சாதாரண ரயில் இரு திசையிலும் சுமை ஏற்றும், மர ரயில் மேலே வெறுமையாகச் செல்லும், கீழே பாரத்தோடு இறங்கும். ஆகவே அதற்கு இழுக்கும் வலிமையைவிடப் பிடித்து நிறுத்தும் வலிமையே பெரிது. எஞ்சின் கெட்டால் வேலை நிற்கும். பிரேக் கெட்டால் உயிர் போகும்.

கொச்சி மன்னரின் காட்டு டிராம்

தமிழர்க்கு மிக அருகில் ஓடிய மர ரயில், பழைய கொச்சி அரசின் காட்டு டிராம் பாதை. ஆனைமலைத் தொடரில், பொள்ளாச்சிக்குத் தெற்கே, டாப்சிலிப் என்ற இடம் உண்டு. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்டதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. அதற்கு அப்பால், இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சேர்ந்துள்ள பரம்பிக்குளம் காடுகள் தேக்குக்கும் ஈட்டிக்கும் பேர்போனவை. காடு கொச்சி அரசுடையது. ஆனால் காட்டுக்கும் கொச்சித் துறைமுகத்துக்கும் இடையே செங்குத்தான மலைச்சரிவு கிடந்தது.

1895 முதல் 1914 வரை ஆண்ட மன்னர் இராமவர்மாவின் காலத்தில் இதற்கு வழி பிறந்தது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மீட்டர் அகலப் பாதை போட்டு, 1907இல் ஓட்டத் தொடங்கினார்கள். எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் - கொப்பல் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. சாலக்குடி ஏற்கெனவே சொரனூர் - எர்ணாகுளம் ரயில்பாதையில் ஒரு நிலையம். அங்கே வந்து சேர்ந்த மரம் அதன்பின் எந்த நாட்டுக்கும் போகலாம்.

இந்தப் பாதையின் வியப்பு அதன் சாய்தளங்கள். மலை மிகச் செங்குத்தாக வீழ்ந்த இடங்களில் எந்த எஞ்சினும் ஏறி இறங்க இயலாது. அங்கே சரிவின் மேல் தண்டவாளம் போட்டு, உச்சியில் ஓர் உருளையை நிறுத்தி, அதில் கம்பிவடம் சுற்றினார்கள். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி. மறுமுனையில் அடிவாரத்தில் நிற்கும் காலி வண்டி. கிணற்றுக் கப்பியில் இரு வாளிகளைக் கட்டினால் கனத்த வாளி இறங்கும்போது மற்றது தானே ஏறுமல்லவா? அதே முறைதான். மரத்தின் எடையே வேலை செய்தது. நெருப்பும் இல்லை, நீராவியும் இல்லை. உருளையைப் பற்றிய பிரேக்கும், அதன் அருகே நின்றவரின் கையுமே இறங்கும் வண்டியைக் காத்தன. வடம் அறுந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பாதையில் மரம் மட்டுமே பயணம் செய்ததென்று கொள்ளவேண்டாம். 1933இல் திருவாங்கூர் - கொச்சிப் பறவைகளை ஆராய வந்த சலீம் அலி, இப்பாதையிலிருந்த குரியார்குட்டியில் தங்கி வேலை செய்தார். மரம் இறக்கும் வண்டித்தடம் ஓர் அறிஞரைப் பறவைகளிடம் கொண்டுசேர்த்தது. அந்தப் பாதைக்கு வேறொரு வாழ்வு இருந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. அன்று அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை.

பிறகு லாரி வந்தது. சாலை போட்ட இடத்துக்கெல்லாம் லாரி போகும். டிராமோ தண்டவாளம் இருக்கும் இடத்துக்கே போகும். வெட்டத்தக்க பெருமரங்களும் குறைந்தன. வருமானத்தைச் செலவு விழுங்கியது. 1963இல் அந்தப் பாதை மூடப்பட்டது. இரும்பு கழற்றப்பட்டது, காடு எஞ்சியதை மூடிக்கொண்டது. இன்று பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். அங்கே கன்னிமாரா என்னும் பெருந்தேக்கு ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். பலர் கைகோத்தாலே அதைச் சுற்றிப் பிடிக்க முடியும். அது போன்றவை எத்தனை சாய்தளத்தில் இறங்கிப் போயின என்பதை எண்ணிப் பார்க்கவே அந்த ஒரு மரம் நிற்கிறது போலும்.

ஆலிசான்: மலையைச் சுற்றும் ரயில்

இனிக் கிழக்கே போவோம். தைவான் தீவு 1895இல் ஜப்பானியர் கைக்கு வந்தது. சில ஆண்டுகளில், தீவின் நடுமலைகளில் ஒன்றான ஆலிசானில் செவ்விய சைப்ரஸ் மரங்கள் நிறைந்த பழங்காடு இருப்பதை அவர்கள் அறிந்தார்கள். ஆயிரம் ஆண்டு கடந்த மரங்கள் அதில் பல. ஜப்பானில் கோயில்களுக்கும் பெரிய வாயில்களுக்கும் இத்தகைய மரத்தைத்தான் தேடுவார்கள். 1906இல் ஒரு தனியார் நிறுவனம் பாதை போடத் தொடங்கி, மலையின் கடுமைக்குத் தாளாமல் 1908இல் கைவிட்டது. பின்னர் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1912இல் ரயில் மலைக்காட்டை எட்டியது. 1914இல் இன்னும் மேலே, மரம் வெட்டும் இடத்துக்கே சென்றது.

சமவெளியிலுள்ள சியாயி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் உயரம். ஆலிசான் நிலையம் 2,216 மீட்டர் உயரம். இடையே 71.4 கிலோமீட்டர் பாதை. அகலம் 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. சுமார் 50 குகைகளையும் 70க்கு மேற்பட்ட பாலங்களையும் ரயில் கடக்கிறது.

நீலகிரி ரயிலில் சென்றவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரயிலுக்கு நடுவே பற்சட்டம் இருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. 12 அடி ஓடினால் ஓரடி உயரும் சரிவு அது. ஆலிசானில் 16 அடிக்கு ஓரடி என்ற சரிவு வரை உண்டு. ஆனால் பற்சட்டம் கிடையாது. பிறகு எப்படி ஏறுகிறது?

இதற்கு விடை மூன்று. முதலாவது எஞ்சின். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மரத்தொழில் செய்த எஃப்ராயிம் ஷே என்பவர், தம் காட்டுக்கென்று ஓர் எஞ்சினை உருவாக்கி 1881இல் காப்புரிமை பெற்றார். சாதாரண நீராவி எஞ்சினில் தண்டுகள் சில பெரிய சக்கரங்களைத் தள்ளும். மற்றச் சக்கரங்கள் வெறுமனே உருளும். ஷே எஞ்சினில் உருளைகள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அவை நீண்ட அச்சு ஒன்றைச் சுழற்ற, அந்த அச்சு பற்சக்கரங்களின் வழியாக எல்லாச் சக்கரங்களையும் சுழற்றும். சும்மா உருளும் சக்கரம் ஒன்றுகூட இல்லை. வேகம் குறைவு, பிடிப்பு அதிகம். பந்தயக் குதிரைக்கும் உழவு மாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. அத்தகைய எஞ்சின்களையே ஆலிசானுக்கு வாங்கினார்கள். ஏறும்போது எஞ்சினைப் பின்னால், அதாவது பள்ளத்தின் பக்கம் பூட்டினார்கள். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது வளையம். துலிசான் என்ற குன்றை அடைந்ததும் ரயில் நேரே ஏற முயல்வதில்லை. சங்கின் புரி போல அந்தக் குன்றை மூன்று முறை சுற்றி, இறுதியில் எட்டு என்ற எண்ணின் வடிவில் வளைந்து வெளியேறுகிறது. சன்னலோரம் இருப்பவர் சற்றுமுன் விட்டுவந்த நிலையத்தையே மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே காண்பார்.

மூன்றாவது பின்னோக்கு ஏற்றம். வளைவதற்கும் இடமில்லாத மேற்பகுதியில், பாதை ‘இசட்’ எழுத்தைப் போல முன்னும் பின்னுமாகப் போகிறது. ரயில் ஒரு முனைவரை முன்னோக்கி ஏறும். அங்கே பாதை மாற்றிப் பின்னோக்கி ஏறும். மறுபடி முன்னோக்கி ஏறும். ‘ஆலிசான் ரயில் சுவரில் முட்டிக்கொள்ளும்’ என்று தைவான் மக்கள் இதைக் கேலியாகச் சொல்வதுண்டு.

கீழே வெப்ப நாட்டு மரஞ்செடி. நடுவே மூங்கிலும் தேயிலையும். மேலே குளிர்நாட்டு ஊசியிலைக் காடு. சில மணி நேரத்தில் ஒருவர் மூன்று தட்பவெப்பங்களைக் கடந்துவிடுகிறார். வழியிலுள்ள ஃபென்சிகூ நிலையத்தில் நண்பகலில் ரயில் நிற்கும்போது விற்ற பொட்டலச் சாப்பாடு இன்று ஊருக்கே பெயர் வாங்கித் தந்திருக்கிறது.

சிக்கனம் அழகாகிறது

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மூன்று சுற்றையும், பின்னோக்கு ஏற்றத்தையும், மெல்ல ஊரும் எஞ்சினையும் யாரும் அழகுக்காக அமைக்கவில்லை. மலையை நேராகக் குடையப் பணம் இல்லை. பெருமரத்தை எப்படியாவது குறைந்த செலவில் இறக்கவேண்டும். அந்தச் சிக்கனமே பாதையை மலையின் முகத்தோடு ஒட்டி வளைத்தது. அன்று குறையாக இருந்த மெதுவும் வளைவும் இன்று பயணி காசு கொடுத்து வாங்கும் பொருளாயின. நேர்ப்பாதையில் விரையும் ரயிலுக்குக் கிடைக்காத காட்சி, ஏழைப் பாதைக்குக் கிடைத்தது. மர ரயில்கள் உல்லாச ரயிலாகத் தக்கவையாயிருப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் தகுதி இருந்தால் மட்டும் பாதை பிழைத்துவிடாது. 1963ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். கொச்சிக் காட்டு டிராம் மூடப்பட்ட அதே ஆண்டில், அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்ற மலைக்கிராமத்தில் வேறொன்று நடந்தது. அங்கும் 1901 முதல் மர ரயில் ஓடியது. அங்கும் 1960இல் மரத்தொழில் நின்றது. அங்கும் பழைய இரும்பு வாங்குவோர் தண்டவாளத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். ரயிலில் ஆர்வம் கொண்ட ஒருவரும் உள்ளூர் மக்கள் சிலரும் ஓடிப்போய் மாநில அரசைத் தட்டி எழுப்பினார்கள். மாநிலம் பாதையையும் எஞ்சின்களையும் விலைக்கு வாங்கியது. 1963இல் அதே ஷே எஞ்சின்கள், மரம் ஏற்றிய அதே வண்டிகளில் இருக்கை போட்டு, பயணிகளை மலைக்கு ஏற்றின. அத்தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் பின்னர் விருந்தினர் தங்கும் விடுதிகளாயின.

ஒரே ஆண்டு, ஒரே வகைப் பாதை, இரண்டு முடிவுகள். வேறுபாடு எஞ்சினில் இல்லை, காட்டில் இல்லை. இரும்புக் கடைக்காரருக்கு முன்னால் யார் வந்து சேர்ந்தார் என்பதிலேயே இருந்தது. தண்டவாளத்தைக் கழற்றச் சில வாரம் போதும். கழற்றியதை மலையில் மறுபடி போட ஒரு தலைமுறையின் பணம் வேண்டும்.

காட்சியின் விலை

அப்படியானால் எல்லா மர ரயிலையும் உல்லாச ரயிலாக்கி விடலாமா? ஆலிசானின் பிற்கால வரலாறு எச்சரிக்கை செய்கிறது. மரம் வெட்டுவது ஓய்ந்தபின் பயணிகளே அதற்கு வாழ்வளித்தார்கள். 1982இல் மலைச்சாலை திறந்ததும் அவர்களும் பேருந்துக்கு மாறினார்கள். வேகம் வேண்டுவோருக்கு ரயில் உதவாது என்று தெளிவாயிற்று. அதன்பின் அது போக்குவரத்து என்பதை விட்டுக் காட்சி என்ற தகுதியில் வாழவேண்டியதாயிற்று. சூரியோதயம் காணும் சூசான் முகட்டுக்கு 1986இல் ஒரு கிளைப்பாதை போட்டதும் இதற்காகவே. மரம் ஏற்றப் போட்டதன்று அது. மனிதரை ஏற்றவே போட்டது.

மலையோ அமைதியாக இருக்கவில்லை. 2009 ஆகஸ்டில் மோராகாட் என்ற சூறாவளி அடித்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து பாதை சிதைந்தது. 2011 ஏப்ரலில் ஓடும் ரயிலின் மேல் மரக்கிளை முறிந்து விழ, பெட்டிகள் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். 2014இல் ஃபென்சிகூ வரை ரயில் மீண்டது. 2015இல் மற்றொரு சூறாவளி ஒரு குகையையே அழித்தது. வேறு குகை வெட்டவேண்டி வந்தது. சியாயியிலிருந்து ஆலிசான் வரை முழுப்பாதையும் மீண்டும் திறந்தது 2024 ஜூலை 6ஆம் நாள். பதினைந்து ஆண்டுகள்! டிக்கெட் விற்ற காசில் இதைச் செய்திருக்க இயலாது. ‘இது எங்கள் நாட்டின் உடைமை’ என்று அரசும் மக்களும் கருதினாலன்றி நடவாத காரியம். ஜொகூரின் கறையான் சொன்ன பாடமும் இதுவே.

இன்னொரு விலையும் உண்டு. அது கணக்கேட்டில் வராது. சன்னலோரம் இருந்து ரசிக்கும் பயணி, தான் காணும் காட்டில் பெரும்பகுதி வெட்டியபின் மறுபடி வளர்ந்ததே என்பதை அறிகிறாரா? மலை இறங்கிய ஒவ்வொரு வண்டி மரத்துக்குப் பின்னால் கோடரி பிடித்த கை, வடம் பிடித்த கை, குகை வெட்டுகையில் பாறைக்கு இரையான உயிர் இருந்ததை எண்ணுகிறாரா? ஆலிசானில் ஜப்பானியர் 1935இல் மரங்களின் ஆவிக்கென்று ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். வெட்டியவர்களே வெட்டுண்ட மரத்துக்கு எடுத்த கல் அது. பாதையோரம் நின்ற மூவாயிரம் ஆண்டுப் பெருமரம் என்று போற்றப்பட்டது, 1997 மழையில் பிளந்து ஒரு பாதி வீழ்ந்தது. எஞ்சியதையும் ஆபத்துக் கருதி 1998இல் சாய்த்துக் கிடத்தினார்கள். இன்று அது தண்டவாளத்தருகே கிடக்கிறது. காட்சி ரயில் நேர்மையாக இருக்கவேண்டுமானால் இவற்றையும் காட்டவேண்டும்.

இந்த வகையில் பார்த்தால் பரம்பிக்குளத்தின் முடிவையும் முழு இழப்பு என்று சொல்ல இயலாது. அங்கே ரயில் போயிற்று. ஆனால் யானைக்கும் புலிக்கும் காடு திரும்பிற்று. நாள்தோறும் பயணிகளை ஏற்றிய ரயில் ஓடியிருந்தால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. இழந்தது ரயிலைவிட நினைவு. மலையை வடம் கட்டி இறக்கிய மனிதர்களைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்கூட இல்லை.

நம் பாதை

இப்போது சிங்கப்பூருக்குத் திரும்புவோம். இங்கே ரயில் 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து தொடங்கியது. உட்லண்ட்ஸ் வரை சென்று, அங்கிருந்து பயணிகள் படகில் ஜொகூருக்குக் கடந்தார்கள். 1923இல் கடற்பாலம் வழியே ரயில் ஜலசந்தியைத் தாண்டியது. 1932இல் பாதையைப் புக்கித் தீமாவிலிருந்து மேற்காகத் திருப்பி, தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் திறந்தார்கள். இது மர ரயில் அன்று. ரப்பரும் ஈயமும் பயணிகளும் சென்ற பெரும்பாதை. ஆனால் சரக்கு மாறி, சாலை வந்து, கடைசியில் தண்டவாளம் வேலையற்றுப் போன கதை ஒன்றேதான்.

இங்கே நல்லவேளையாகச் சிலர் முந்திக்கொண்டார்கள். ரயில் நிற்பதற்கு முன்பே, 2010இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இந்நிலத்தைத் துண்டுபோடாமல் பசுமைப் பாதையாகக் காக்கவேண்டும் என்று அரசுக்கு யோசனை அளித்தது. 2011இல் தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. புக்கித் தீமா நிலையமும் இரும்புப் பாலங்களும் காக்கப்பட்டன. தண்டவாளத்தில் பெரும்பகுதி கழற்றப்பட்டபோதிலும், நிலம் சிதறாமல் நின்றது. புதுப்பித்த புக்கித் தீமா நிலையம் 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்தது.

மலை இல்லாத தீவில் உல்லாச ரயிலுக்கு வளைவு ஏது, ஏற்றம் ஏது? ஆகவே ரயில் ஊர்ந்த வழியில் மக்கள் நடக்கிறார்கள். நடையும் ஒருவகைக் காட்சிப் பயணமே. ரயிலைவிட மெதுவானது, ஆகவே இன்னும் நன்றாகக் காணலாம். எஞ்சின் ஏறும் அளவுக்கு மென்மையான சரிவு என்பதால் குழந்தையும் கிழவரும் களைப்பின்றி நடக்கலாம். இங்கும் பழைய பொறியியலின் சிக்கனமே இன்றைய வசதி.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. இப்பாதையைச் சீர்செய்து காத்த தொழிலாளருள் தமிழர் பலர். குயின்ஸ்வே பக்கம் ரயில்வேக் குடியிருப்பில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் 1930களில் தொடங்கிய சிறு வழிபாடே, இன்று காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் ஆலயமாக ஓங்கி நிற்கிறது. தண்டவாளம் போன இடத்திலும் அவர்கள் நட்ட விளக்கு அணையவில்லை.

தேக்காவில் மூங்கில் போய்ப் பெயர் நின்றது. ரயில்பாதைக்குப் பெயர் மட்டும் நின்றால் போதாது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புக்கித் தீமா இரும்புப் பாலத்தின் மேல் நடக்கும் பெற்றோர், அங்கே விட்டுவைத்திருக்கும் தண்டவாளத்தைத் தொட்டுக் காட்டி, இது எதைச் சுமந்தது, யார் இதைக் காத்தார்கள் என்று சொல்லட்டும். இரும்பை அரசு காக்கலாம். அதன் கதையை வீட்டார்தாம் காக்கவேண்டும்.